அணுக்கரு உருண்டையா? – ஒரு முட்டைக் கதை

போன மாசம் எங்க குரூப் மீட்டிங்ல முதல் தடவையா பேசினேன். மாஸ்டர்ஸ் தீசிஸ் பத்தி இருபது நிமிஷம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து ஸ்லைடு செஞ்சு, மூணாவது ஸ்லைடுல ரக்பி பந்து மாதிரி அழகா ஒரு படம் போட்டிருந்தேன். "நாங்க ஆராயுற அணுக்கரு இப்படித்தான் இருக்கும்"னு ஒரே வரியில சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குத் தாவப் பார்த்தேன். கடைசி வரிசையில ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் எப்பவும் காபி கப்போட உக்காந்திருப்பார். கையைத் தூக்கினார். கேள்வி ரொம்பச் சின்னது.

"அதை யார் பார்த்தது?"

நான் முழிச்சேன். "லிட்டரேச்சர்ல இருக்கு சார்"ன்னு என்னமோ உளறினேன். அவர் சிரிச்சுக்கிட்டே "லிட்டரேச்சருக்கு யார் சொன்னது?"ன்னார். அவ்வளவுதான், மானம் கப்பலேறிடுச்சு :-(

அன்னிக்கு ராத்திரி அம்மா போன் பண்ணினாங்க. குரல் சரியில்லைன்னதும் கண்டுபிடிச்சுட்டாங்க. "என்னடா ஆச்சு?" "ஒண்ணுமில்லம்மா, அணுவுக்குள்ள இருக்கிற கரு உருண்டையா இல்லையான்னு கேட்டாங்க, பதில் தெரியலை." "உருண்டைதானடா? உன் பன்னெண்டாம் கிளாஸ் புஸ்தகத்துல லட்டு மாதிரி போட்டிருந்ததே!"

அம்மா சொன்னது சரி. நம்ம எல்லாருக்கும் மனசுல இருக்கிறது அந்த லட்டுதான். சிவப்பு பூந்தி புரோட்டான், நீல பூந்தி நியூட்ரான். அந்த லட்டு எப்படி முட்டையாச்சு, யார் ஆக்கினாங்கன்னு மூணு வாரமா தோண்டிக்கிட்டிருந்தேன். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க. சமன்பாடு கிடையாது, சத்தியம்.

முதல் கோணல்

1911-ல ரூதர்ஃபோர்டு அணுக்கரு இருக்குன்னு காட்டினார். இருக்குன்னு தெரிஞ்சுது, பார்க்க முடியலை. ஏன்னா கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தோட அலைநீளம், யுரேனியம் அணுக்கருவோட அகலத்தைப் போல மூணு கோடி மடங்குக்கும் மேல. கடல் அலையை வெச்சு மணல் துகளோட வடிவத்தைக் கண்டுபிடிக்கிறதை விட மோசமான வேலை.

ஆனா மறைமுகமா ஒரு வழி இருந்தது. அணுக்கருவைச் சுத்தி வர்ற எலக்ட்ரான்கள் ஒரு வகையில அதைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருக்கு. கருவுல மின்னூட்டம் எல்லாப் பக்கமும் சமமா இருந்தா எலக்ட்ரானோட ஆற்றல் நிலைகள் ஒரு ஒழுங்குல வரும். ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் ஒடுங்கியும் இருந்தா அந்த ஒழுங்கு துளியூண்டு பிசகும். 1935-ல ஜெர்மனியில ஷூலர், ஷ்மிட்னு ரெண்டு பேர் யூரோப்பியத்தோட நிறமாலைக் கோடுகளை ரொம்ப நுணுக்கமா அளந்தாங்க. கோடுகள் இருக்க வேண்டிய இடத்துல இல்லை. கரு உருண்டையா இல்லைன்னா மட்டும்தான் கணக்கு உதைக்காம வந்தது. அடுத்த வருஷம் டச்சுக்காரர் காசிமிர் இதுக்கு முழுக் கணக்கும் போட்டுக் கொடுத்தார். இந்த நீட்சியோட அளவுக்குப் பேர் குவாட்ருபோல் மொமெண்ட். பேரு பயமுறுத்தும், விஷயம் சிம்பிள்: உருண்டைன்னா பூஜ்யம். நீளவாக்குன்னா ஒரு குறி, இட்லி மாதிரி தட்டைன்னா எதிர்க்குறி.

ஆக 1935-லேயே சாட்சி இருந்தது. ஆனா யாரும் பெருசா கண்டுக்கலை. ஏன்னா அந்த நேரத்துல எல்லாருக்கும் வேற ஒரு படம் பிடிச்சுப் போயிருந்தது.

தண்ணித் துளி

அந்தப் படம்தான் திரவத்துளி. காமோ ஆரம்பிச்சு வெச்சது, 1935-ல வைசாக்கர் அதை வெச்சு அணுக்கருக்களோட நிறைக்கு ஒரு வாய்பாடு கொடுத்தார். 1936-ல நீல்ஸ் போர் அதுக்கு உயிர் கொடுத்தார். அவரோட விளக்கத்துல ஆழமில்லாத ஒரு தட்டு, அதுக்குள்ள நெருக்கமா கோலிக்குண்டுகள். வெளியிலருந்து ஒரு குண்டை உருட்டி விட்டா அது ஒண்ணு மேல மோதி, அது இன்னொண்ணு மேல மோதி, கடைசியில எந்தக் குண்டுகிட்ட எவ்வளவு வேகம் இருக்குன்னே தெரியாம மொத்தமும் கலங்கிடும். யாருக்கும் தனி வழி கிடையாது. எல்லாம் சேர்ந்து ஒரே துளி. துளின்னா பரப்பு இழுவிசை இருக்கும், பரப்பு இழுவிசை இருந்தா உருண்டைதான். வாழையிலையில நிக்கிற தண்ணியைப் பார்த்தா தெரியும்.

துளி அதிரவும் செய்யும். உருண்டை நீண்டு, திரும்பி வந்து, தட்டையாகி, மறுபடி நீளும். அதாவது, உருண்டைதான் வீடு. மத்ததெல்லாம் சும்மா வெளிய போயிட்டு வர்றது.

இந்தத் துளி எவ்வளவு பெரிய விஷயத்தை விளக்குச்சுன்னு சொல்ல ஒரு ஊருக்குப் போகணும். நான் இருக்கிற கோதன்பர்க்லருந்து பஸ்ஸுல அரை மணி நேரம். ஊர் பேரு குங்கெல்வ். ஆத்தங்கரை, ஒரு பழைய கோட்டை, அவ்வளவுதான். போன டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை போனேன். மூணரை மணிக்கெல்லாம் கும்மிருட்டு. குளிர்ல காது மரத்துப் போச்சு.

1938 கிறிஸ்துமஸுக்கு இந்த ஊர்ல ஒரு சிநேகிதி வீட்டுக்கு வந்திருந்தார் லிஸா மைட்னர். வயசு அறுபது. முப்பது வருஷத்துக்கு மேல பெர்லின்ல வேலை பார்த்தவர். யூதக் குடும்பத்துல பிறந்த ஒரே காரணத்துக்காக அந்த ஜூலையிலதான் ஜெர்மனியை விட்டு நெதர்லாந்து வழியா தப்பிச்சு ஓடி வந்திருந்தார். எல்லையில காவலருக்குக் கொடுக்க வேண்டி வந்தா இருக்கட்டும்னு ஓட்டோ ஹான் தன் அம்மாவோட வைர மோதிரத்தைக் கொடுத்து அனுப்பினாராம். ஸ்டாக்ஹோம்ல ஒரு இடம் கிடைச்சது, ஆனா கருவி இல்லை, உதவியாள் இல்லை, பாஷை தெரியாது. கூட விடுமுறைக்கு வந்தவர் அக்கா பையன் ஓட்டோ ஃப்ரிஷ், கோபன்ஹேகன்ல போரோட நிறுவனத்துல இருந்தவர். அவரோட அப்பா அப்ப நாஜி முகாம்ல.

ஹான் கிட்டேயிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. யுரேனியத்தை நியூட்ரானால அடிச்சா பேரியம் வருது, இது எப்படி சாத்தியம்னு. சின்னம்மாவும் பையனும் பனியில நடக்கப் போனாங்க. ஃப்ரிஷ் பனிச்சறுக்குக் கட்டையில, மைட்னர் நடந்தே. ஒரு மரக்கட்டையில உக்காந்து துண்டுக் காகிதத்துல கணக்குப் போட்டாங்க. துளின்னா பரப்பு இழுவிசை உள்ள இழுக்குது. ஆனா யுரேனியத்துல 92 புரோட்டான் ஒண்ணை ஒண்ணு தள்ளுது. ரெண்டும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. லேசா ஒரு தட்டு தட்டினா துளி நீண்டு, இடுப்பு ஒடுங்கி, ரெண்டாப் பிஞ்சுடும். பிஞ்ச துண்டுகள் தள்ளிக்கிற ஆற்றல் சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆற்றல் எங்கேயிருந்து வந்தது? மைட்னர் நிறை வாய்பாட்டை மனசுலேயே வெச்சிருந்தார். ரெண்டு துண்டையும் சேர்த்தா ஒரு புரோட்டானோட ஐந்துல ஒரு பங்கு நிறை குறையுது. ஐன்ஸ்டீன் கணக்குப்படி அதுவும் 200. பொருந்திடுச்சு.

1939 பிப்ரவரியில நேச்சர் இதழ்ல வந்தது. அதே வருஷம் போரும் வீலரும் முழு கணக்கையும் எழுதினாங்க. அந்தக் கட்டுரை வந்த இதழோட தேதி 1939 செப்டம்பர் 1, உலகப் போர் ஆரம்பிச்ச அதே நாள். 1944-க்கான வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும் போச்சு. மைட்னருக்கு இல்லை. அந்த ஆத்தங்கரையில நின்னப்போ எனக்கு ஒண்ணுதான் தோணிச்சு. இங்கே வந்து பாஷை தெரியாம முதல் வருஷம் நான் புலம்பின புலம்பல் எல்லாம் ஒரு புலம்பலா? எனக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது.

இன்னொண்ணும் கவனிங்க. அணுக்கருவோட வடிவம் ஒரு விளையாட்டுக் கேள்வி இல்லைன்னு உலகத்துக்குத் தெரிஞ்ச நாள் அது. உருண்டை நீளுது, இடுப்பு ஒடுங்குது. அதுல ஒரு நகரமே எரியும்.

கும்மி

போர் முடிஞ்சதும் துளிக்கு எதிர்க்கட்சி வந்தது. சிகாகோவுல மரியா கோப்பர்ட் மேயர். கணவருக்குப் பேராசிரியர் வேலை. இவருக்குப் பல்கலைக்கழகத்துல பதவி உண்டு, சம்பளம் இல்லை. பக்கத்துல ஆர்கான் ஆய்வகத்துல பாதி நேர வேலை. அணுக்கருக்கள்ல சில எண்கள் மட்டும் விசேஷமா இருக்கிறதை அவர் கவனிச்சார். 2, 8, 20, 28, 50, 82, 126. இத்தனை புரோட்டானோ நியூட்ரானோ இருந்தா கரு ரொம்ப உறுதி. எலக்ட்ரான்கள் கூடு கூடா நிரம்புற மாதிரியே கருவுக்குள்ளயும் கூடு இருக்குன்னா இது விளங்கும். ஆனா எண்கள் சரியா வரலை. ஒரு நாள் பேசிட்டு இருந்தப்போ ஃபெர்மி, தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் இடையில பிணைப்பு ஏதாவது இருக்கான்னு போற போக்குல கேட்டார். மேயருக்கு அந்த நிமிஷமே விடை கிடைச்சுடுச்சு. 1949-ல வெளியிட்டார். ஜெர்மனியில ஜென்சன் குழுவும் தனியா அதே விடைக்கு வந்தாங்க.

வால்ட்ஸ் நடனத்தை உதாரணமா சொல்லுவாராம் மேயர். நமக்கு கும்மி. பெரிய வட்டமா சுத்துறப்பவே ஒவ்வொருத்தரும் தன்னைத்தானேயும் சுத்துறாங்க. வட்டம் போற திசையிலேயே தன்னைச் சுத்தறது சுலபம், எதிர்த் திசையில கஷ்டம். அந்தச் சின்ன வித்தியாசத்துல இருந்துதான் அந்த மாய எண்கள் வருது. 1963-ல நோபல் கிடைச்சது. முழுச் சம்பளத்தோட பேராசிரியர் பதவி அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1960-லதான் கிடைச்சது. அப்ப அவருக்கு வயசு 50-ஐத் தாண்டியிருந்தது.

இப்ப சிக்கல் புரியுதா? துளி என்ன சொல்லுது? கருவுக்குள்ள யாருக்கும் தனி வழி இல்லை, எல்லாம் மோதிக் கலங்குது. கூடு என்ன சொல்லுது? ஒவ்வொண்ணும் தன் பாதையில யார் மேலயும் மோதாம ஓடுது. ரெண்டும் நேர் எதிர். ரெண்டுமே சோதனையில ஜெயிக்குது! துளியால அணுப்பிளவை விளக்க முடியுது, மாய எண்ணை முடியலை. கூட்டால மாய எண்ணை முடியுது, பிளவை முடியலை.

ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம், அடிப்படை வடிவம் உருண்டைங்கிறது. பாவம், அதுதான் தப்பு.

ஒரே ரூம்ல ரெண்டு பேர்

1949 கடைசி, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம். பின்னாடி லேசருக்கு வழி போட்டு நோபல் வாங்கின சார்லஸ் டவுன்ஸ் அன்னிக்கு குவாட்ருபோல் மொமெண்ட் பத்தி ஒரு உரை. ஊர்ல இருக்கிற எல்லா அளவையும் தொகுத்து வெச்சிருந்தார். அரிய மண் தனிமங்கள் பக்கம் வந்தா அளவு எகிறுது. கூடு மாதிரி சொல்ற மாதிரி, வெளியில சுத்துற ஒரே ஒரு புரோட்டானால வர்ற அளவு இல்லை. அதைப் போல பல மடங்கு. ஒரு ஆள் கத்தி அவ்வளவு சத்தம் வராது. கூட்டமே சேர்ந்து கத்தியிருக்கணும்.

கேட்டுக்கிட்டிருந்தவங்கள்ல ஒருத்தர் ஜேம்ஸ் ரெயின்வாட்டர். இத்தனைக்கும் அவர் சோதனை ஆள், தியரி ஆள் இல்லை. அவருக்கு ஒரு யோசனை. வெளியில ஓடுற அந்த ஒத்தை ஆள், உள்ளே இருக்கிற கூட்டத்தைச் சுவர் மாதிரி நெனச்சு அழுத்துறான். சுவர் கெட்டியில்லை, துளி. அதனால அவன் ஓடுற பக்கம் பிதுங்குது. ஒரு ஆள் ஓடினா லேசா பிதுங்கும். நாலஞ்சு பேர் ஒரே பக்கம் ஓடினா? மொத்தமும் முட்டை வடிவத்துக்குப் போயி அங்கேயே நின்னுடும். உருண்டை வீடு இல்லை, முட்டைதான் வீடு! 1950-ல சின்னக் கட்டுரையா எழுதினார்.

அவரோட ஒரே ரூம்ல உக்காந்திருந்தவர் அந்த வருஷம் டென்மார்க்லருந்து வந்திருந்த ஓகே போர். நீல்ஸ் போரோட பையன். அப்பாவுக்கு நோபல் கிடைச்ச 1922-ல பிறந்தவர். 1943-ல அப்பாவோட டென்மார்க்கை விட்டுத் தப்பிச்சுப் போயி, லாஸ் அலமோஸ்ல ஜிம் பேக்கர்ங்கிற பொய்ப் பேருல அப்பாவுக்கு உதவியாளரா இருந்தவர். இப்ப பையன் கையில ரெண்டு படம். ஒண்ணு அப்பாவோட துளி. இன்னொண்ணு அதை மறுக்கிற கூடு. நம்மூரா இருந்தா அப்பா கட்சியில நின்னிருப்போம், இல்லைன்னா வீட்டை விட்டு வெளியேறி எதிர்க்கட்சியில சேர்ந்திருப்போம் :-) அவர் ரெண்டையும் கட்டிப் போட்டார். உள்ளே ஒவ்வொண்ணும் தன் பாதையில ஓடுது, ஆனா அத்தனையும் சேர்ந்து உண்டாக்குற கூடே வளையுது, அதிருது, சுத்துது.

திரும்பி கோபன்ஹேகன் போனதும் சிகாகோ பக்கத்துப் பையன் பென் மோட்டல்சன் வந்து சேர்ந்தார். ஒரு வருஷத்துக்குன்னு வந்தவர், அங்கேயே தங்கி, 1971-ல டேனிஷ் குடிமகனாவே ஆகிட்டார். வெளிநாட்டுக்குப் படிக்க வந்த மக்களே, ஜாக்கிரதை!

சுத்துதுன்னா உருண்டை இல்லை

இப்பத்தான் பெரியவர் கேள்விக்கான பதில். இந்த ஒரு இடத்தை மட்டும் மெதுவா படிங்க.

வழவழப்பான, கோடே இல்லாத ஒரு கோலிக்குண்டை மேசையில சுத்தி விடுங்க. சுத்துதா நிக்குதான்னு பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. நமக்குத் தெரியலை, அவ்வளவுதான். கோலி சுத்திக்கிட்டுதான் இருக்கும். குவாண்டம் உலகம் இன்னும் கறார். சுத்தினதுக்கும் சுத்தாததுக்கும் வித்தியாசமே இல்லைன்னா, சுத்துறதுங்கிற நிலையே கிடையாது. முழு உருண்டையான கரு மொத்தமா சுத்தவே முடியாது. முட்டையா இருந்தா முனை எந்தப் பக்கம்னு ஒரு திசை இருக்கு, அதனால சுத்தலாம்.

ஆக, கரு சுத்துதுன்னு காட்டிட்டா போதும். உருண்டை இல்லைன்னு நிரூபிச்சாச்சு.

சுத்துறதை எப்படிக் காட்டறது? சுத்துற பொருள் ஆற்றலை இஷ்டத்துக்கு வெச்சுக்க முடியாது, படி படியாத்தான். இந்தப் படிகளுக்குப் பேர் கிளர்ச்சி நிலைகள் (நம்ம ஊர் அரசியல் கிளர்ச்சி இல்லை, பயப்படாதீங்க). சுழல்ற முட்டைக்கு படி எண் 2, 4, 6, 8-னு போனா, ஆற்றல் 6, 20, 42, 72-ங்கிற விகிதத்துல வரணும். ஒவ்வொரு படியா இறங்கும்போது ஒரு காமா கதிர் வரும்.

ஹாஃப்னியம்-180-ல அஞ்சரை மணி நேர அரை ஆயுளோட ஒரு கிளர்ச்சி நிலை இருக்கு. அது இறங்கி வர்ற படிகளோட உயரம், கிலோ எலக்ட்ரான் வோல்ட்ல: 93, 309, 641, 1084. வகுத்துப் பாருங்க:

93 ÷ 6 = 15.5
309 ÷ 20 = 15.4
641 ÷ 42 = 15.3
1084 ÷ 72 = 15.1

முதல்ல இதைப் போட்டுப் பார்த்தப்போ எனக்கு நிஜமாவே புல்லரிச்சுது. கால்குலேட்டர்ல நாலு வகுத்தல். ஒரு அணுக்கரு முட்டை மாதிரி சுத்துறதை என் ரூம்ல உக்காந்து நானே சரிபார்த்துட்டேன். அந்த 15.5 மெதுவா 15.1-க்கு இறங்குது பார்த்தீங்களா? அதுவும் பிழை இல்லை. வேகமா சுத்தச் சுத்த உள்ளே இருக்கிற அமைப்பு கொஞ்சம் இளகுது.

இதை 1953-ல போரும் மோட்டல்சனும் எழுதினாங்க. அதே வருஷம் கோபன்ஹேகன்லேயே ஹூஸ், சுபான்சிச்னு ரெண்டு பேர், கருவைத் தொடாமலே, பக்கத்துல மின்னூட்டத் துகளை ஓட்டி அந்த மின்புலத்தாலேயே அதைச் சுத்த வெச்சுக் காட்டினாங்க. அப்புறம் வரிசையா பல அரிய மண் தனிமங்களும், யுரேனியமும் மாட்டிச்சு. 1975-ல ஓகே போர், மோட்டல்சன், ரெயின்வாட்டர் மூணு பேருக்கும் நோபல்.

பச்சை முட்டையா, அவிச்ச முட்டையா?

கதை முடிஞ்சுதுன்னு நெனச்சா இல்லை. ஹாஸ்டல்ல முட்டை அவிச்சதா பச்சையான்னு எப்படிக் கண்டுபிடிப்போம்? சுத்தி விடுவோம். அவிச்சது ஜம்முனு சுத்தும், பச்சை தள்ளாடும். அதே சோதனைதான் இங்கேயும். படிகளோட இடைவெளியிலருந்து சுத்துறதுக்கு எவ்வளவு தடை இருக்குன்னு, அதாவது நிலைமத் திருப்புத்திறன், கண்டுபிடிக்கலாம். வந்த விடை: கெட்டியான பொருளுக்கு வரவேண்டியதுல பாதிக்கும் கீழ. ஆனா வெறும் திரவம் மேற்பரப்புல மட்டும் அலையா ஓடினா வர்றதை விட அதிகம். அவிச்சதும் இல்லை, பச்சையும் இல்லை. ஹாஃப் பாயில்!

1957-ல மீக்கடத்திகளுக்கு விளக்கம் வந்துச்சு, எலக்ட்ரான்கள் ஜோடி சேருதுன்னு. அடுத்த வருஷமே போர், மோட்டல்சன், பைன்ஸ் மூணு பேரும் கருவுக்குள்ளயும் அதே மாதிரி ஜோடி இருக்கலாம்னு சொன்னாங்க. ஜோடிகள் உராய்வில்லாம வழுக்குறதால மொத்தமும் கூடச் சேர்ந்து சுத்தறதில்லை. அப்படின்னா ரொம்ப வேகமா சுத்தினா ஜோடி பிரியணுமே? 1971-ல ஸ்டாக்ஹோம்ல ஜான்சன், ரைடே, ஸ்டார்க்கியர் அதைப் பார்த்தாங்க. டிஸ்ப்ரோசியம்-160-ல படி ஏற ஏற காமா ஆற்றல் கூடிக்கிட்டே போனது, ஒரு இடத்துல திடீர்னு குறைஞ்சுது. வரைபடத்துல கோடு பின்னாடி வளைஞ்சுது. ராட்டினம் வேகமெடுத்ததும் கைகோத்திருந்த ஒரு ஜோடி கையை விட்டுட்டு சுழற்சியோட திசையிலேயே சாஞ்ச மாதிரி.

இங்க நம்மாளு ஒருத்தரையும் சொல்லிடறேன். சுத்துற துளி என்ன வடிவம் எடுக்கும்னு 1960-கள்ல மும்முரமா கணக்குப் போட்டுக்கிட்டிருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில படிச்ச எஸ். சந்திரசேகர். அவர் யோசிச்சது பெரும்பாலும் நட்சத்திரங்களைப் பத்தி. 1969-ல அதுக்குன்னே ஒரு புத்தகம். நட்சத்திரத்தை ஈர்ப்பு பிடிச்சு வெச்சிருக்கு, கருவை பரப்பு இழுவிசை. 1974-ல கோஹன், பிளாசில், ஸ்வியாடெக்கி ரெண்டையும் ஒரே கணக்குல கொண்டு வந்து வெச்சாங்க.

ஒரு கரு, பல உருவம்

அப்புறம் வந்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன். 1962-ல ரஷ்யாவுல டூப்னாவில அமெரிசியம்-242 தானா பிளக்கிற வேகம் எதிர்பார்த்ததை விட பயங்கர அதிகமா இருந்தது. 1967-ல ஸ்ட்ருட்டின்ஸ்கி காரணம் சொன்னார்: நீளுற வழியில ரெண்டு மேடு, நடுவுல ஒரு பள்ளம், கரு அந்தப் பள்ளத்துல தங்கிடுது. துளிக் கணக்கையும் கூட்டுக் கணக்கையும் கூட்டினாத்தான் அந்தப் பள்ளம் வருது. மறுபடியும் அதே சமாதானம்!

1986-ல இங்கிலாந்துல டேர்ஸ்பரி ஆய்வகத்துல பீட்டர் ட்வின் குழு, கால்சியத்தைப் பல்லேடியத்து மேல மோதவிட்டு டிஸ்ப்ரோசியம்-152 செஞ்சாங்க. காமா நிறமாலையில 19 கோடுகள், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 47 கிலோ எலக்ட்ரான் வோல்ட், வேலிக்கம்பு நட்ட மாதிரி. அகலத்தைப் போல ரெண்டு மடங்கு நீளமான கரு. ஹாஃப்னியத்துல இந்த இடைவெளி 120 கிட்ட. இடைவெளி குறைஞ்சா சுத்துற உருப்படி பெருசுன்னு அர்த்தம்.

பாதரசம் இன்னும் குறும்பு. செர்ன்ல 1972-ல பார்த்தது: நியூட்ரானைக் குறைச்சுக்கிட்டே வந்தா கரு சின்னதாகணும். 187-லருந்து 185-க்கு வந்ததும் திடீர்னு உப்பிடுச்சு. 2018 ஆய்வுல 185, 183, 181 ஒத்தைப்படை மட்டும் ரக்பி பந்து, நடுவுல இருக்கிற இரட்டைப்படை எல்லாம் ஏறக்குறைய உருண்டைன்னு தெளிவாச்சு. ஒரே ஒரு நியூட்ரான் முடிவு பண்ணுது! ஈயம்-186 அதுக்கும் மேல. 2000-ல தெரிஞ்சது, அதோட ஆகக் கீழ் மூணு நிலைகள்ல ஒண்ணு உருண்டை, ஒண்ணு தட்டை, ஒண்ணு நீளம். மூணும் 650 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள்ள. ஒரே வீட்டுல மூணு மருமக. 2013-ல ரேடியம்-224 பேரிக்காய் மாதிரி இருக்கிறது உறுதியாச்சு.

இதெல்லாமே சுத்துறதை வெச்சும், கோடுகளை வெச்சும் ஊகிச்சதுதான். 2024-ல அமெரிக்காவுல புரூக்ஹேவன் ஆய்வகத்து ஸ்டார் குழு வேற வழியில வந்தாங்க. ரெண்டு யுரேனியம் கருவை ஒளி வேகத்துக்குப் பக்கத்துல ஓட்டி மோதவிட்டா, முனைக்கு முனை மோதினா ஒரு மாதிரி சிதறும், பக்கவாட்டுல மோதினா வேற மாதிரி. சுத்துறதுக்கு நேரமே இல்லாத ஒரு கணத்துல எடுத்த ஸ்நாப் ஷாட். யுரேனியம் நீளம்தான்னு வந்தது.

கடைசியா ஈயம்-208. 82 புரோட்டான், 126 நியூட்ரான், ரெண்டும் மாய எண். உருண்டைக் கட்சியோட கடைசிக் கோட்டை. நான் படிச்ச புத்தகங்கள்ல உருண்டைக்கு உதாரணமே இதுதான். 2025-ல ஆர்கான் ஆய்வகத்துல அதோட கிளர்ச்சி நிலைகளை அளந்தப்போ, அங்கேயும் லேசா தட்டை.

அப்ப பதில்?

இந்த வாரம் காபி மெஷின் பக்கத்துல பெரியவரைப் பிடிச்சேன். "யாரும் பார்க்கலை சார். ஆனா அது சுத்துறது தெரியும். உருண்டைன்னா சுத்த முடியாது"ன்னேன். காகிதத்துல ஹாஃப்னியத்தோட நாலு வகுத்தலையும் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையா பார்த்துட்டு, "இதை மூணாவது ஸ்லைடுல போடு, படத்தை எடுத்துடு"ன்னார்.

படத்தை எடுத்துட்டேன். மைட்னர் கையில கருவி எதுவும் இல்லை, ஒரு மரக்கட்டையும் துண்டுக் காகிதமும் இருந்தது. நாலு எண்ணுல ஒரு முட்டை தெரியும்னா, படம் எதுக்கு?

அம்மாவுக்கும் போன் பண்ணிச் சொன்னேன், லட்டு இல்லம்மா, முட்டைன்னு. "அதுக்குத்தான் சொல்றேன், தினம் ஒரு முட்டை சாப்பிடு, இளைச்சுப் போயிட்டே"ன்னாங்க.

பி.கு: தப்பு ஏதும் இருந்தா பின்னூட்டத்துல தாராளமா குட்டலாம். அடுத்த மீட்டிங்குக்கு முன்னாடி குட்டுனா இன்னும் புண்ணியம் :-)